ஒரு கீறல் படாத கை

குழாயடியில் வலது கட்டைவிரலை நீட்டிக்கொண்டு நின்ற பாதுகாப்பு அதிகாரிக்கு வலியைவிட வியப்புதான் அதிகமாக இருந்தது. விரல் நுனியில் ஒரு சின்னச் சீவல் போயிருந்தது. சட்டைப் பொத்தான் அளவுகூட இல்லை. ஆனால் எவ்வளவு மழமழவென்று போயிருந்தது!

"எப்படி வெட்டியிருக்கு பாரு. சும்மா சொல்லக் கூடாது, பிளேடுன்னா இது பிளேடு!"

"பிளேடை அப்புறம் மெச்சிக்கலாம். கையை மேல தூக்குங்க," என்றாள் மனைவி, துணியால் அழுத்திப் பிடித்தபடி. "நாளைக்கு விருது எத்தனை மணிக்கு?"

அவர் பிளேடை மறந்தது அப்போதுதான்.

தகர டப்பா செய்யும் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடமாக அவர் பாதுகாப்பு அதிகாரி. தொழிலாளர்கள் அவருக்கு வைத்த பெயர் 'கவசம் சார்'. விபத்தே நடக்காத ஆயிரமாவது நாளுக்காக, நாளைக் காலை தொழிற்சாலைத் துறையின் தலைமை ஆய்வாளரே நேரில் வந்து கேடயம் கொடுக்கப்போகிறார். போன மாதம்தான் அழுத்து இயந்திரத்தின் தடுப்பைக் கழற்றிவிட்டு வேலை பார்த்த ஒருவரை, முந்நூறு பேர் முன்னால் நிற்கவைத்து, "தடுப்பைக் கழட்டுறவன் தன் கையையே கழட்டி வெக்கிறான்!" என்று முழங்கி, பெட்டி கட்டும் பிரிவுக்கு மாற்றியிருந்தார். அந்த வாக்கியம் இப்போது சுவரில் எழுதிப் போடப்பட்டிருக்கிறது. கீழே அவர் பெயரோடு.

இத்தனைக்கும் அந்தக் காய் சீவும் ஸ்லைசரை அவர் ஏனோதானோவென்று வாங்கிவிடவில்லை. கடைக்காரர் எடுத்துப்போட்ட ஏழில் ஆறைத் தள்ளினார். ஒன்றுக்குக் கால் வழுக்கியது. ஒன்றில் கனத்தை மாற்றும் திருகு தானாகச் சுற்றியது. இன்னொன்றில், காயை முள்ளால் குத்திப் பிடித்துக்கொள்ளும் தொப்பி மாதிரியான பாகமே இல்லை. "தொப்பி இல்லாம இதை விக்கிறீங்களே, இது வியாபாரமா, வினையா?" என்று அவர் கேட்டதில் கடைக்காரர் வெலவெலத்துப் போய், தொப்பி இல்லாதவற்றை எல்லாம் மேல் அலமாரிக்கு ஏற்றிவிட்டார். கடைசியில் ரப்பர் கால், சாய்ந்த பிளேடு, பூட்டு, தொப்பி எல்லாம் உள்ள ஒன்றைக் குழந்தையைத் தூக்கி வருவதுபோல் வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

வீட்டிலும் முதலில் அரை மணி நேர வகுப்பு. "அடியில ஈரத்துணி போடணும். காயோட ஒரு பக்கத்தைத் தட்டையா வெட்டிக்கணும். தொப்பி இல்லாம ஒரு சீவு சீவக் கூடாது. கடைசித் துண்டு மேல ஆசைப்படவே கூடாது. வேலை முடிஞ்சதும் பூட்டணும். திருப்பிச் சொல்லு."

மனைவி திருப்பிச் சொன்னாள். வேறு வழியில்லை.

பிறகு வெள்ளரிக்காயைத் தொப்பியில் குத்தி ஒரு இழு இழுத்தார். முதல் சீவல் விழுந்தது. அவர் அதை இரண்டு விரலால் எடுத்து ஜன்னலுக்கு நேரே பிடித்தார். அதன் வழியாக எதிர்வீட்டுக் கொடியில் காயும் சட்டை தெரிந்தது. சட்டையின் பாக்கெட் தெரிந்தது.

"இது வெள்ளரிக்காயா, கண்ணாடியாங்க?" என்றாள் மனைவி, குரலைத் தாழ்த்தி.

இருபது சீவல், முப்பது சீவல். எல்லாம் ஒரே கனம். மனிதக் கையால் இது ஆகுமா? அவருக்கு மெய்சிலிர்த்தது. தொப்பிக்குள் ஒரு விரற்கடை வெள்ளரி மிஞ்சியது. அதிலிருந்து இன்னும் நாலு கண்ணாடி வருமே என்று தோன்றியது. தொப்பியைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தார். நாலு வந்தது. ஐந்தாவதாக வந்தது வெள்ளரி இல்லை.

தெருமுனை டாக்டர் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "தையல் போட இதுல தோலே இல்லையே. என்ன நேர்த்தி!" என்று தலையாட்டிவிட்டுப் பெரிதாகக் கட்டுப் போட்டு அனுப்பினார்.

"வெள்ளரிக்காய் நறுக்கினேன், பட்டுடுச்சுன்னு சொல்லிடுங்க. என்ன ஆயிடும்?" என்றாள் மனைவி.

"வெள்ளரிக்காயா! சுவத்துல என் பேர் இருக்குடி. ஒரு பய என்னை மதிப்பானா?" என்றவர், பையில் எப்போதும் இருக்கும் சாம்பல் நிறக் கையுறைகளை எடுத்தார். தகரம் உரசினாலும் அறுபடாதவை. கட்டோடு சேர்த்து விரல் உள்ளே போய்விட்டது. ஒரு கைக்கு மட்டும் போட்டால் சந்தேகம் வரும் என்று இரண்டுக்கும் மாட்டிக்கொண்டார்.

மனைவி அதைத் தொட்டுப் பார்த்தாள். "நல்லா கெட்டியாத்தான் இருக்கு. இதைப் போட்டுக்கிட்டே சீவியிருக்கலாமே?"

அவர் போய் ஸ்லைசரைப் பூட்டினார்.

மறுநாள் காலை கையுறையோடு அலுவலகத்தில் நுழைந்தவரை மேனேஜர் ஏற இறங்கப் பார்த்தார். "என்ன சார், இயந்திரம் இருக்கிற பக்கம் போடுறது சரி. ஆபீஸ்ல எதுக்கு?"

"ஆபீஸ்ல ஆபத்து இல்லைன்னு யார் சொன்னது?" என்று வாய்க்கு வந்ததை எடுத்துவிட்டார் அதிகாரி. "காகித ஓரம், ஸ்டேப்ளர், மேசை இழுப்பறை, கதவு இடுக்கு. ஒவ்வொண்ணும் விரலுக்கு எமன். ஆயிரம் நாள் முடிஞ்சுது. அடுத்த ஆயிரத்துக்கு இப்பவே ஆரம்பிக்கணும் இல்லையா?"

மேனேஜர் மூக்கின்மேல் விரலை வைத்தார். இப்படி ஒரு கடமை வீரனையா இத்தனை நாள் சாதாரணமாக நினைத்தோம்? அவருக்குக் கண்கூடக் கலங்கிவிட்டது. கால் மணி நேரத்தில் உத்தரவு பறந்தது. தலைமை ஆய்வாளர் வருவதற்குள் அலுவலகத்தில் அத்தனை பேரும் கையுறை போட்டாக வேண்டும்.

போட்டார்கள். டைப்பிஸ்ட் அம்மா ஒரு எழுத்தைத் தட்டினால் மூன்று எழுத்து விழுந்தது. வரவேற்புரையை அடித்து முடித்தபோது அது எந்த மொழி என்றே தெரியவில்லை. காபி வழுக்கி மேசையில் கொட்டியது. அந்த நேரம் பார்த்து மேனேஜரின் செல்போன் அடித்தது. தலைமை ஆய்வாளர்! மேனேஜர் கையுறை விரலால் திரையைத் தேய்த்தார். அது கண்டுகொள்ளவில்லை. கழற்றலாம் என்றால் முன்னால் கவசம் சார் நிற்கிறார். சட்டென்று குனிந்து மூக்கால் ஒரு தேய்ப்புத் தேய்த்து, "வணக்கம் சார்!" என்றார்.

"பத்து நிமிஷத்துல வந்துடுவாராம்," என்று நிமிர்ந்தவருக்கு ஒரு யோசனை மின்னியது. "சார், மேடையில நீங்க கையுறையைக் கழட்டிக் கையைக் காட்டுறீங்க. இருபத்திரண்டு வருஷமா ஒரு கீறல் படாத கை. எல்லாரும் பாக்கட்டும்!"

"அது... அடக்கமா இருக்காதே சார்."

"பாத்தீங்களா, இந்த அடக்கம்தான்!" என்று மேனேஜர் நெகிழ்ந்து போனார்.

தலைமை ஆய்வாளர் ஆறடி உயரம். வலது கையைக் கோட்டுப் பைக்குள் விட்டபடி காரிலிருந்து இறங்கிய தோரணையே ஒரு தனி கம்பீரமாக இருந்தது. மேனேஜர் நீட்டிய கையைக் குலுக்கவில்லை, தலையை மட்டும் அசைத்தார். பூச்செண்டை இடது கையால் வாங்கிக்கொண்டார். பெரிய மனிதர்கள் இப்படித்தான் இருப்பார்கள் போலிருக்கிறது என்று அதிகாரி அசந்து போய்ப் பார்த்தார்.

மேடைக்குக் கீழே முந்நூறு பேர். மேனேஜர் ஒலிபெருக்கியைக் கையுறையால் இறுகப் பிடித்தார். "நம்ம கவசம் சார் இப்ப கையுறையைக் கழட்டப் போறார். அந்தக் கையைக் கண் குளிரப் பாருங்க!"

கைதட்டல் கூரையைப் பிளந்தது. அதிகாரிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இடது கையுறையை ஆமை வேகத்தில் உருவினார். கூட்டம் அந்தக் கையைப் பார்த்து ஆரவாரம் செய்தது. அடுத்து வலது. மணிக்கட்டில் விரலை வைத்தார். தீர்ந்தது, மானம் கப்பலேறப் போகிறது.

"வேண்டாம்! கழட்டாதீங்க!"

தலைமை ஆய்வாளர்தான். நாற்காலியிலிருந்தே எழுந்துவிட்டார். "பாதுகாப்பைக் கைதட்டலுக்காகக் கழட்டக் கூடாது. ஆபீஸ்லயே கையுறை... என் சர்வீஸ்ல நான் இப்படிப் பார்த்ததில்ல. எனக்கும் ஒரு ஜோடி கொடுங்க. கொஞ்சம் தொளதொளன்னு இருந்தா நல்லது."

ஒரு ஜோடியை வாங்கிக்கொண்டு தன் காருக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். திரும்பி வரும்போது இரண்டு கையிலும் கையுறை. முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. கேடயத்தை இரண்டு கையாலும் தூக்கிக் கொடுத்தார். கையுறையும் கையுறையும் குலுக்கிக்கொண்டன, மெதுவாக, மிக மரியாதையாக. முந்நூறு பேரும் எழுந்து நின்றார்கள். டைப்பிஸ்ட் அம்மா அழுதேவிட்டாள்.

அதிகாரி கேடயத்தை மார்போடு அணைத்துக்கொண்டார். பாதுகாப்பின்மேல் இப்படி ஒரு பக்தியா? இந்த மனிதர் எங்கே, நான் எங்கே?

மேடையை விட்டு இறங்கியதும், பெட்டி கட்டும் பிரிவுக்கு மாற்றப்பட்ட அந்தத் தொழிலாளி எதிரே வந்து நின்றார். "சார், உங்க மேல வருத்தமா இருந்தேன். இன்னைக்குப் புரிஞ்சுக்கிட்டேன். உங்களுக்கு இருக்கிற கட்டுப்பாடு எனக்கு இல்ல. தப்பு என்னோடதுதான்."

அது கத்தியைவிடக் கூர்மையாக இறங்கியது. அதிகாரியால் அந்த ஆள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஒரு விரற்கடை வெள்ளரிக்காய்க்குத் தொப்பியைக் கழற்றி வைத்தவனுக்கா இந்தக் கேடயம்? போதும், இந்த வேஷம். தலைமை ஆய்வாளரிடம் கேடயத்தைத் திருப்பிக் கொடுத்து, உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுவது. அப்புறம் இந்தத் தொழிலாளியிடம் வந்து மன்னிப்புக் கேட்பது. முடிவு செய்துவிட்டார்.

நேரே காரை நோக்கி நடந்தார். தலைமை ஆய்வாளர் இன்னும் வரவில்லை, மேனேஜர் விடவில்லை. டிரைவர் மட்டும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். வந்தவுடன் காட்டிவிட வேண்டும், இல்லையென்றால் தைரியம் போய்விடும் என்று, அதிகாரி பல்லைக் கடித்துக்கொண்டு வலது கையுறையை உருவினார். கட்டுப் போட்ட கட்டைவிரல் வெளியே வந்தது, மேல்பக்கம் சப்பையாக.

டிரைவர் துடைப்பதை நிறுத்தினார். அந்தக் கட்டைவிரலை ஒரு முறை பார்த்தார். காருக்கு அந்தப் பக்கம் யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தார். பிறகு கிட்டே வந்து, ரொம்ப அனுசரணையாகக் கேட்டார்:

"உங்களுக்கு என்ன காய் சார்? எங்க ஐயாவுக்குக் கேரட்டு."