பேராசிரியரின் முதுகு

வாய்ப்பு வழங்கும் வள்ளல் என்றொரு இனம் உண்டு. பெரிய ஆஸ்பத்திரி இருக்கும் எந்த ஊரிலும் இதைப் பார்க்கலாம். கல்கத்தாவில் இது லேக் கார்டன்ஸ் பக்கம் குடியிருந்து, காலையில் பொது மருத்துவ வார்டுக்குள் நுழையும். முன்னால் அது, பின்னால் உதவிப் பேராசிரியர், அவருக்குப் பின்னால் எம்.டி. படிக்கிறவர்கள், வால் நுனியில் ஹவுஸ் ஸ்டாஃப் என்கிற புது டாக்டர்கள். சாமி ஊர்வலத்தில்கூட இவ்வளவு பயபக்தி கிடையாது. சாமி யாரையும் பரீட்சையில் தோற்கடிப்பதில்லை அல்லவா?

இந்த இனத்தின் அகராதியில் வேலை என்ற சொல்லே இல்லை. எல்லாம் வாய்ப்பு. பேராசிரியர் மஹாதேவனின் பையைத் தூக்கி வருவது வாய்ப்பு. அவருடைய சொற்பொழிவுக்குப் படம் வரைவது வாய்ப்பு. லேக் மார்க்கெட்டில் காப்பிப்பொடி வாங்கி அவர் வீட்டில் சேர்ப்பது, பெரிய மனிதரின் வாழ்க்கையை அருகிலிருந்து அறியும் வாய்ப்பு. ஊசியைக் கையில் எடுப்பது மட்டும் வாய்ப்பில் சேராது. நோயாளியின் நெஞ்சில் கோத்துக்கொண்ட நீரை எடுப்பதென்றால் மஹாதேவன்தான் எடுப்பார். மற்றவர்கள் சூழ்ந்து நின்று கற்றுக்கொள்வார்கள். எதை? அவருடைய முதுகை.

எம்.டி. படிக்கும் நீலாவதி, கரக்பூர் ரயில்வே குமாஸ்தாவின் மகள், அந்த முதுகில் நிபுணியாகிவிட்டாள். கோட்டின் தையல் எங்கே பிரிந்திருக்கிறதென்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள்.

"ஒரு தடவை நான் செஞ்சு பாக்கட்டுமா, சார்?"

"அவசரப்படாதே அம்மா. பாக்கறதே பெரிய பாக்கியம். எங்க காலத்துல அதுவும் கிடையாது."

ஒரு மாலை, வார்டில் படுத்திருந்த, கித்தர்பூர் துறைமுகத்தில் மூட்டை தூக்கும் மாரியப்பனுக்கு மூச்சுத் திணறியது. மறுநாள் ஊர்வலத்தார் பார்க்க எடுத்துக் காட்டுவதற்காக அவர் நெஞ்சு நீரைப் பத்திரமாக விட்டுவைத்திருந்தார் மஹாதேவன். அத்தனை பேரின் கல்விக்காக ஒருவர் தமக்குள்ளேயே மூழ்கக் கூடாதா?

மஹாதேவன் ஒரு மண்டபத்தில், 'இளம் மருத்துவர்களின் கல்வி வாய்ப்புகள்' பற்றிப் பேசப் போயிருந்தார். உதவிப் பேராசிரியர் அங்கே முன்வரிசையில் கைதட்டிக்கொண்டிருந்தார். நீலாவதி மண்டபத்துக்குப் போன் செய்தாள்.

"சார், உதடு நீலமாயிடுச்சு. இப்பவே எடுத்தாகணும்."

"காலம்பர வந்து எடுக்கறேன். அதுவரைக்கும் பக்கத்துல இருந்து கவனி. நல்ல சான்ஸ்."

"அதுவரைக்கும் தாங்க மாட்டார், சார்."

"என் அனுமதி இல்லாம யாரும் கை வெக்கப்படாது." போன் வைக்கப்பட்டது. அவளுடைய பரீட்சையில் கேள்வி கேட்கப்போகிறவரும் அவர்தான்.

"டாக்டரம்மா," என்றார் மாரியப்பன், ஒவ்வொரு சொல்லுக்கும் நின்று. "நீங்க குத்துங்க. பெரியவருக்கு... நான் பதில் சொல்லிக்கறேன்."

நர்ஸ் அணிமா வங்காளத்தில் கேட்டாள்: "முன்னால செஞ்சு பாத்திருக்கியா?"

"புஸ்தகத்துல படிச்சிருக்கேன், அக்கா."

நீலாவதி மாரியப்பனின் முதுகைத் தட்டிப் பார்த்து, மரத்துப்போக மருந்து போட்டு, விலா எலும்புக்கு மேலாக ஊசியை இறக்கினாள். வெளிர் டீ நிறத்தில் நீர் வந்தது. இரண்டாவது பாட்டில் நிரம்பும்போது மாரியப்பன் ஒரு முழு வாக்கியம் பேசினார். பசிக்கிறது என்றார்.

காலையில் ஊர்வலம் வந்தது. மஹாதேவன் பாட்டிலைப் பார்த்தார், நோயாளியைப் பார்த்தார், நீலாவதியைப் பார்த்தார். பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பினார்.

"பாத்தேளா? என் யூனிட்ல பசங்களுக்கு எப்பேர்ப்பட்ட வாய்ப்பு தரேன்னு."

எல்லோரும் தலையாட்டினார்கள். நீலாவதி உள்ளுக்குள் கொதித்தாள். கதை இங்கே முடிந்திருந்தால் அவளுக்கு மாலை போட்டுவிடலாம்.

அடுத்த வாரம் நெஞ்சில் நீரோடு இன்னொருவர் வந்தார். நீலாவதியே ஊசியை எடுத்தாள்.

"அக்கா, நான் ஒரு தடவை..." என்றான் ஹவுஸ் ஸ்டாஃப் சீதாராமன்.

"முதல்ல நல்லாப் பாத்துக்க, சீதா."

சீதாராமன் பார்த்தான். புதுக் கோட்டு, தையல் இன்னும் பிரியவில்லை.

நாம் டாக்டர் இல்லை, தப்பித்தோம் என்கிறீர்களா? ஆபீசிலோ அடுப்படியிலோ, உங்களைவிட நன்றாக யாராலும் செய்ய முடியாத அந்த வேலையைச் செய்யும்போது, சற்றே திரும்பிப் பாருங்கள். பின்னால் நிற்பவர் எதைப் படித்துக்கொண்டிருக்கிறார்?