பின்சுவர்க் குருவிகள் எத்தனை

டார்ம்ஸ்டாட்
22.05.2005

அன்புள்ள மச்சாள் சுந்தரேஸ்வரிக்கு,

கமலநாயகி எழுதிக்கொள்வது. முழங்கால் நோவையும் உம்முடைய அண்ணரின் வாயையும் தவிர இங்கே எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. சுன்னாகத்தில் நீங்கள் எல்லாரும் அதே அளவு சுகத்தோடு இருப்பீர்கள் என்று நம்பித் தொடங்குகிறேன். மூத்த பேத்தி மிதுஷா கணக்கில் ஒன்று எடுத்திருக்கிறாள். இந்த நாட்டில் ஒன்றுதான் உச்சம், ஆறு எடுத்த பிள்ளைதான் அழும், ஆகவே அங்கே யாரும் கேட்டால் நூற்றுக்கு நூறு என்றே சொல்லிவிடும். கீர்த்தனனுக்கு லிஃப்ட் பூட்டுகிற கம்பனியில் அவுஸ்பில்டுங் கிடைத்திருக்கிறது, அது படிப்பும் வேலையும் சேர்ந்தது, மூன்றாம் மாடிக்குப் படியேறுகிற எனக்கு அந்தப் படிப்பின் அருமை தெரியும். சின்னவள் வர்ஷா நீச்சலில் கடற்குதிரைச் சின்னம் வாங்கிவிட்டாள், அதை அவளுடைய நீச்சல் உடுப்பில் தைத்துக் கொடுத்தது நான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். மகன் ராசன் போனில் அரையும் குறையுமாகச் சொல்லி, நான் ஜேர்மன் அரசாங்கத்துக்குப் பொய் எழுதிக் கொடுத்துப் பிடிபட்டுவிட்டேன் என்று நீர் கவலைப்படுவதாகக் கேள்விப்பட்டேன். நடந்தது அதுவல்ல. எங்கள் கீழ் வீட்டில் பேனாட் என்று ஒருவர் இருக்கிறார், ட்ராம் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவரும் இன்னும் சிலரும் சேர்ந்து சம்பளம் இல்லாமல் குருவி எண்ணுகிறார்கள். மவுவர்சேக்லர் என்று ஒரு குருவி, கறுப்பு நிறம், அரிவாள் போல வளைந்த செட்டை, கூட்டமாகக் கீச்சிட்டுக்கொண்டு பறக்கும். மே பிறக்க ஆபிரிக்காவில் இருந்து வரும், ஆகஸ்ட் பிறக்கத் திரும்பிப் போய்விடும், மரத்தில் இருக்காது, நித்திரை கூடப் பறந்துகொண்டேதானாம். குஞ்சு பொரிக்க மட்டும் கூரைக்குக் கீழே சுவர் ஓட்டைக்குள் போகும், ஒவ்வொரு வருடமும் அதே ஓட்டைதான். அடுத்த கட்டடத்தின் பின்சுவரில் அப்படிப்பட்ட ஓட்டைகள் இருக்கின்றன, முற்றத்தில் நின்றால் செஸ்நட் மரம் மறைக்கும், எங்கள் பல்கனியில் இருந்தால் நேரே தெரியும். அதனால் பேனாட் ஒரு கேக்கும் ஒரு கட்டுப் படிவமும் கொண்டுவந்து, பின்னேரங்களில் இருட்டும் வரை பார்த்து, எந்த ஓட்டைக்குள் குருவி போகிறதென்று கோடு போட்டுத் தர முடியுமா என்று மருமகள் சிவகௌரியிடம் கேட்டார். அவள் வாய் திறக்க முதலே நான் ஓம் என்றுவிட்டேன். படித்தது ஐந்தாம் வகுப்புத்தான், ஆனால் அந்த வகுப்பில் கணக்கில் முதலாம் பிள்ளை நான்.

முதல் நாள் பின்னேரம் ஒன்பது ஓட்டைக்குள் போயின. ஒன்பதுக்கும் கோடு போட்டு, சாப்பாட்டு மேசையில் எல்லாருக்கும் முன்னால் வாய்விட்டும் சொன்னேன். அடுத்த நாள் மழையும் குளிரும், மூன்று நாளாக ஒரு குருவி இல்லை, வானம் வெறும் வானம். எனக்கு உடனே விளங்கிவிட்டது. உமக்கும் விளங்கும், உங்கள் பெரியம்மா எட்டுப் பிள்ளை பெற்றும் கேட்டவர்களுக்கெல்லாம் ஏதோ நாலைந்து கிடக்குதுகள் என்றுதானே சொன்னவ. குளிருக்குப் பூச்சி பறக்காது, அதனால் குருவிகள் தூரத்துக்குப் போயிருக்கும், வெயில் வர வந்துவிடும் என்று பேனாட் சொல்லி அனுப்பினார். உம்முடைய அண்ணரும் விடவில்லை.

"மழைக்குள்ள ஆர் வருவினம்? நானே பேப்பர் வாங்கப் போகேல்லை."

"நீங்கள் போகாதது மழையாலை. அதுகள் வராதது என்ரை நாக்காலை."

வெயில் வந்தது, குருவிகளும் வந்தன. அன்றைக்கே தீர்மானம் எடுத்தேன். எத்தனை ஓட்டைக்குள் போனாலும் இடப்பக்க மூலையில் உள்ள நாலு ஓட்டைக்கு மட்டும் கோடு. நாலென்று எழுதினால் யார் கண் வைப்பார்கள்? ஒரு கிழமை அப்படியே எழுதினேன், குருவிகளும் ஒரு நாள் தவறாமல் வந்தன, நான் நல்ல சந்தோசமாக இருந்தேன்.

போன கிழமை அந்தக் கட்டடக் கதவில் கடிதம் ஒட்டினார்கள். குளிர் தாங்கப் பின்சுவருக்குத் தடித்த அட்டை ஒட்டப் போகிறார்களாம், அதற்குச் சாரம் கட்டி, சுற்றிவர வலை இழுப்பார்களாம். குருவி இருக்கும் இடத்தில் இப்போது வேலை செய்யச் சட்டம் விடாது, ஆனால் என்னுடைய கடைசி ஒரு கிழமைப் படிவங்களைப் பார்த்துவிட்டு, இடப்பக்க மூலையை மட்டும் விட்டுவிட்டு மிச்சச் சுவர் முழுவதையும் மூடலாம் என்று முடிவெடுத்துவிட்டார்கள். மிச்ச ஓட்டைகளில் அடை காக்கிறவை வலைக்குள் கிடந்து சாகவேண்டியதுதான். பேனாட் படிவங்களோடு வந்து எங்கள் குசினி மேசையில் இருந்தார். அவருடைய முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"மாமி, இந்தாள் கேக்கிறார், முதல் நாள் ஒம்பது, பிறகு ஒவ்வொரு நாளும் நாலு. கூடுறதுமில்லை, குறையிறதுமில்லை. எப்பிடி எண்டு" என்றாள் சிவகௌரி.

"குருவியள் கந்தோருக்குப் போய் வருகுதுகளாக்கும்" என்றார் உம்முடைய அண்ணர்.

"நீங்கள் சும்மா இருங்கோ. பிள்ளை, ஒம்பதும் இருக்குதெண்டு சொல்லு. வாயாலை எண்ணினால் கண்ணூறு படும், அதாலை குறைச்சு எழுதினனான் எண்டும் சொல்லு."

"இதை நான் எப்பிடி மாமி டொச்சில சொல்லுறது?"

எப்படியோ ஜேர்மன் மொழியில் சொன்னாள், கன நேரம் எடுத்தது. பேனாட் சிரிக்கவில்லை, கோபிக்கவும் இல்லை. மேசைக்கு அடியில் கையை விட்டு மூன்று தரம் தட்டிக் காட்டினார்.

"தங்கடை ஆக்களும் நல்லதைச் சொன்னால் மரத்தில தட்டுவினமாம். தட்டிப்போட்டு எண்ணினால் ஒண்டும் ஆகாதாம், மாமி."

"எந்த மரம் எண்டு கேள்."

"எந்த மரமும் சரியாம்."

இந்த மரத்தில் தட்டுகிற வழியை அவர்கள் முதலே படிவத்தில் போட்டிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது. பேனாட் இயற்கைப் பாதுகாப்புக் கந்தோருக்குப் போன் பண்ணி, ஆள் வந்து பார்க்க நாள் குறித்து டெர்மின் எடுத்தார். செவ்வாய்க்கிழமை பின்னேரம் ஒரு பெண் அதிகாரி தூரக்கண்ணாடியோடு எங்கள் பல்கனிக்கு வந்தா. கீழே முற்றத்தில் சாரத்துக்கு இரும்புக் குழாய் எல்லாம் இறக்கி அடுக்கியாகிவிட்டது, விடிந்தால் கட்டுவார்கள். அன்றைக்கென்று வானம் மூடிக் கிடந்தது. எட்டரை ஆகியும் ஒன்றையும் காணவில்லை. அதிகாரி மணிக்கூட்டைப் பார்க்கத் தொடங்கினா. உம்முடைய அண்ணர் உள்ளே வந்து, "அவ எழும்பப் போறா, ரோல்ஸைப் பொரி" என்றார். பொரித்துக் கொடுத்தேன். நாலாவது ரோல்ஸைக் கையில் எடுக்கத்தான் கீச்சென்று சத்தம் கேட்டது.

அப்போதுதான் பார்க்கிறேன், பல்கனி மேசை பிளாஸ்டிக், கதிரை பிளாஸ்டிக், கம்பி இரும்பு. தட்ட மரம் இல்லை. ஓடிப்போய் மர இடியப்ப உரலை எடுத்து வந்தேன். ஒவ்வொன்றும் ஓட்டைக்குள் போகப் போக, உரலில் மூன்று தட்டுத் தட்டி, ஐன்ஸ், ஸ்வை, த்ரை என்று டொச்சிலேயே எண்ணினேன். அதிகாரியும் தன் கண்ணால் பார்த்து எழுதிக்கொண்டு வந்தா. ஒன்பதில் முடிந்தது, அவவுக்கும் ஒன்பது. பிறகு உரலைக் காட்டி இது என்ன கருவி என்று கேட்டா. சிவகௌரி என்ன சொன்னாளோ தெரியாது, அறிக்கையில், பார்வையாளர் மரக் கருவி ஒன்றின் உதவியுடன் கணக்கெடுத்தார் என்று எழுதியிருக்கிறதாம். பின்சுவர் முழுவதும் ஆகஸ்ட் முடிய முதல் தொடக்கூடாது என்று கடிதம் வந்துவிட்டது. குழாய்களைத் திரும்ப ஏற்றிப் போனபோது பேனாட் கீழே நின்று ஒவ்வொரு குழாயாகப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஆகவே நான் பொய் எழுதியதும் உண்மை, அதிகாரிக்கு முன்னால் அதைத் திருத்தியதும் உண்மை. ஊரில் கேட்பவர்களுக்கு இப்படியே சொல்லும். உமக்கும் உம்முடைய பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் ஆயுளும் படிப்பும் குறைவில்லாமல் கிடைக்கட்டும். அண்ணர் தன் அன்பையும் எழுதச் சொன்னார், ரோல்ஸ் யோசனை தன்னுடையது என்றும் எழுதச் சொன்னார்.

இப்படிக்கு
உம்முடைய மச்சாள்
இ. கமலநாயகி

பி.கு: மேலே எழுதிய ஒன்பதும் சரியான கணக்கு அல்ல. முதல் நாளே குறைத்துத்தான் கோடு போட்டேன், அது பழக்கத்தில் வந்தது. மழைத்தண்ணி ஓடுகிற கூரைப் பீலிக்குப் பின்னால் போகிறவை அதிகாரியின் கண்ணுக்குப் படவில்லை, நானும் அவவை மினக்கெடுத்தவில்லை. சுவர் முழுவதும் தப்பிவிட்டபடியால் அவற்றுக்குப் பாதகம் இல்லை. பிறகு சுவருக்கு அட்டை ஒட்டி, மூடுகிற ஓட்டைகளுக்குப் பதிலாகக் கூட்டுப் பெட்டி பூட்டும்போது அவற்றுக்கும் சேர்த்துக் கேட்பதாகப் பேனாட் சொல்லியிருக்கிறார். எத்தனை என்று அவர் வாயால் கேட்கவில்லை, விரலால் காட்டச் சொன்னார். இதை நீர் யாருக்கும் சொல்லவேண்டாம். உம்முடைய பேரப்பிள்ளைகளின் படம் என்னிடம் இருப்பது பால்பல் விழுந்த காலத்தது, புதிதாக எடுத்து அனுப்பும். எல்லாரும் ஒரே படத்தில் நிற்கவேண்டாம், இரண்டாகப் பிரித்து எடுத்து, இரண்டு உறையில் வேறு வேறு நாளில் தபாலில் போடும்.