பூஜையில் மாட்டிக்கொண்ட பெட்டி

தன் கல்யாணத்துக்கே முந்தின நாள் போய்த் தாலி கட்டிவிட்டு வரக்கூடிய மனிதர் செங்கல்பட்டு ஜில்லாவில் ஒருவர்தான். எங்கள் போல்ட் கேப்டன். அப்பாவுக்கு போல்ட், நட்டு கம்பெனி. பிள்ளைக்கு ராணுவத்தில் உத்தியோகம். அதனால் அந்தப் பெயர். கம்பெனியில் நான் ஸ்டோர் கீப்பர்.

திருக்கழுக்குன்றத்தில் ஒரு கல்யாணம். ஆறு மணி முகூர்த்தத்துக்கு மூன்று மணிக்கே போய் நின்றார். மண்டபம் பெருக்க ஆள் வந்திருக்கிறது என்று யாரோ துடைப்பத்தை நீட்ட, பெருக்கியும் கொடுத்துவிட்டார். எங்களை மாமல்லபுரம் டூர் கூட்டிப்போனபோது, கடற்கரைக் கோயிலில் டிக்கெட் கொடுப்பவர் வீட்டில் பல் தேய்த்துக்கொண்டிருந்தார். அவர் வரும்வரை கேப்டன் எங்களை வரிசையில் நிற்கவைத்தார். இரண்டு நாய்களும் வந்து கடைசியில் நின்றன.

கேட்டால், "எப்பவும் ஒரு நாள் ரிசர்வ் கையில இருக்கணும், அண்ணாத்த" என்பார். லீவு முடிய ஒரு நாள் இருக்கும்போதே ரயிலேறிவிடுவார்.

கம்பெனியைக் கவனிக்காமல் பட்டாளத்துக்குப் போனதில் முதலாளிக்கு மகா கோபம். மூன்று வருஷம் பிள்ளையோடு பேச்சில்லாமல் இருந்தார். இருவரும் எதிரெதிரே உட்கார்ந்திருப்பார்கள். நடுவில் நான் தபால்காரன்.

"யோவ் ஸ்டோரு, துன்னானான்னு கேளு."

"சாப்ட்டேன்னு சொல்லு, அண்ணாத்த."

போன வருஷம் ஆயுத பூஜையன்று சாயங்காலம் கேப்டனுக்கு ரயில். கறுப்பு ட்ரங்குப் பெட்டியோடு கம்பெனிக்கு வந்து, அதை லேத் பக்கத்தில் வைத்துவிட்டுக் கை கழுவப் போனார். மெஷின்களுக்குப் பொட்டு வைத்துக்கொண்டே வந்த முதலாளி, பெட்டிக்கும் சந்தனம், குங்குமம் வைத்து, பூச்சாத்தி, கற்பூரமும் காட்டிவிட்டார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பூஜையில் வைத்ததை மறுநாள் காலைவரை எடுக்கக் கூடாதே.

கேப்டன் திரும்பி வந்து பார்த்தார். "டிரெயினுக்கு டைமாவுது, பொட்டிய எடுக்கணும்னு சொல்லு, அண்ணாத்த."

"பூஜைல கீது. நாளைக்குத்தான் எடுப்பாங்கோன்னு சொல்லு" என்றார் முதலாளி.

கேப்டன் என்னை முறைத்தார். "நான் ஒரு நாள் முன்னாடியே கெளம்புறேன்னு இவருக்கு யாரு சொன்னது?"

நான் ஃபேனைப் பார்த்தேன்.

முதலாளிக்குப் பொறுமை போய்விட்டது. நேராகப் பிள்ளையைப் பார்த்தார். "ரிசர்வ இன்னாத்துக்குடா வெச்சிக்கினு கீற? குந்து."

மூன்று வருஷத்தில் முதல் வார்த்தை. கேப்டன் ஸ்டூலை இழுத்துப் போட்டுப் பெட்டி பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் ரயிலுக்கு முன்னால் இருவரும் மாமல்லபுரம் போய்க் கடலில் கால் நனைத்துவிட்டு வந்தார்கள். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. நடுவில் நான் இல்லை.

இந்த வருஷமும் கேப்டன் ஆயுத பூஜைக்கு வந்திருக்கிறார். "ரிசர்வ் ஒரு நாள்தானே, தம்பி?" என்று கேட்டேன்.

"ரெண்டு, அண்ணாத்த."

பூஜைச் சாமான் லிஸ்ட்டில் பெட்டிக்கென்று சந்தனம் ஒரு பாக்கெட் சேர்த்து எழுதினேன். அந்த இரண்டு நாள்கூட எனக்குப் போதவில்லை.