லுஸ்ஸோரியோவின் அடிக்குரல்

லேப்டாப்பில் மூன்று தொண்டைகள் இருந்தன. நான்காவதைக் காணவில்லை.

டிரம் சத்தம் பதியும் அவசரத்தில், லுஸ்ஸோரியோ மாமாவின் அடிக்குரல் மீதே பகீசியோ பதிந்து தொலைத்திருந்தான். திரும்பப் பாடச் சொல்லவும் வழியில்லை. மாமாவுக்குத் தொண்டையில் ஆபரேஷன்; ஒரு மாதம் வாயே திறக்கக் கூடாதென்று டாக்டர் சொல்லியிருந்தார். மறுநாள் திருவிழா.

சார்டீனியாவின் அந்த மலையூரில் நான்கு பேர் வட்டமாக நின்று பாடும் பாட்டில் யாரும் கை வைக்க முடியாது. அதைக் கம்ப்யூட்டர் தாளத்தோடு கலக்க நால்வரும் ஒரு வாரம் யோசித்தே சம்மதித்தார்கள். அதற்கும் மாமா ஒரு நிபந்தனை போட்டார்.

“சுத்தி என்ன கருமத்த வேணா கொட்டிக்க. எங்க தொண்டைக்குள்ள மட்டும் மெஷின் வரக் கூடாது.”

பகீசியோ கையடித்துச் சத்தியம் செய்திருந்தான்.

உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் மாமா வீட்டுக்குக் கிளம்பினான். வழியில் மாமாவின் ஆட்டுக் கொட்டகையில் பால் கறக்கும் மெஷின் உறுமிக்கொண்டிருந்தது. புத்தி கெட்டுப்போக அது போதாதா? பதிந்தான், சுருதியைக் கொஞ்சம் இறக்கினான், பாட்டுக்கு ஏற்ப நறுக்கி ஒட்டினான். அச்சு அசல் மாமா. 

மதியம் மதுக்கடையில் மற்ற மூவருக்கும் போட்டுக் காட்டினான். யாராவது கண்டுபிடித்துத் திட்டினால் நிம்மதி என்றிருந்தது. மூவரும் கிளாஸைக் கீழே வைத்துத் தொப்பியைக் கழற்றினார்கள்.

“இது அவன் தொண்டையே இல்லடா,” என்றார் மூவரில் ஒருவரான பொர்ஃபீரியோ. பகீசியோவுக்கு உயிர் வந்தது. “அவங்க அப்பன் தொண்டை,” என்று அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

செய்தி மேயருக்குப் போயிற்று. மாமாவை மேடையில் உட்காரவைத்து மரியாதை செய்வதென்று முடிவாகிவிட்டது.

மறுநாள் ஞாயிறு பூசை முடிந்து சதுக்கத்தில் பாட்டு தொடங்கியதும் பகீசியோ அடிக்குரலின் சத்தத்தைக் குறைத்துப் பார்த்தான். லுஸ்ஸோரியோவை அமுக்காதே என்று கூட்டம் கத்தியது. பயத்தில் முழுக்கத் திருகினான். சதுக்கமே அதிர்ந்தது. எந்த மெஷினாலும் இப்படியொரு குரலைத் தர முடியாது என்று பாதிரியார் மைக்கில் முழங்கினார். சபை கைதட்டியது. மாமா அசையாமல் பகீசியோவையே பார்த்துக்கொண்டிருந்தார். பூமி பிளந்து விழுங்கினால் தேவலை என்றிருந்தது அவனுக்கு.

விருந்துக்குக்கூட நிற்காமல் மாமா வீட்டு வாசலில் போய்க் காத்திருந்தான். அவர் வந்து நாற்காலியில் உட்கார்ந்ததும் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினான். அழித்தது, கொட்டகைக்குப் போனது, மெஷின், சத்தியம்.

மாமா இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. ஒரு பெரிய மனுஷனை அழவைத்துவிட்டோமே என்று பகீசியோ கூனிக் குறுகிப்போனான்.

“நாலு அறை விட்டுடுங்க மாமா. ஊர்ல எல்லார்கிட்டயும் நானே சொல்லிடறேன்.”

அதுவரை உள்ளே பாலாடைக்கட்டி நறுக்கிக்கொண்டிருந்த பொனாரியா அத்தை கத்தியோடு எட்டிப் பார்த்தாள்.

“அவரு அழலடா, சிரிக்கறாரு. கல்யாணமான புதுசுல குரல் வரலன்னு இவர பாட்டுக் கூட்டத்துல சேத்துக்காம தொரத்திட்டாங்க. அப்புறம் தெனமும் விடியக்காலைல அந்த மெஷின் பக்கத்துல ஒக்காந்து, அது உறுமற மாதிரியே உறுமி உறுமித்தான் இவரு பாடவே கத்துக்கிட்டாரு.”