டிஸ்க் இரையுது, கேக்குதா?

"கம்ப்யூட்டர்ல டிஸ்க் இரையுது பாரு, கேக்குதா?" என்றார் காது டாக்டர்.

கேட்கவில்லை. ஆனால் அந்தக் கிளினிக்கில் பதினெட்டு வருஷமாக ஊரார் காதையெல்லாம் சோதிக்கிறவன் "கேக்கல டாக்டர்" என்று சொன்னால் வேலை நிலைக்குமா? கண்ணாடி ரூமுக்குள் ஆளை உட்கார வைத்து, ஹெட்போனில் 'பீப்' கொடுத்து, கேட்டால் பட்டனை அமுக்கச் சொல்வதுதான் அவன் பிழைப்பு. எல்லோருக்கும் அவன் பீப்பு.

"நல்லாக் கேக்குது டாக்டர்," என்றான் பீப்பு.

"வர்றவங்க பீப்புக்கு அமுக்குவாங்களா, டிஸ்குக்கு அமுக்குவாங்களா? அதோட, டிஸ்க் இரைஞ்சா அது போகப்போகுதுன்னு அர்த்தம். பதினெட்டு வருஷ ரிப்போர்ட்டும் அதுக்குள்ளதான் இருக்கு. இன்னைக்கே சரி பண்ணு."

டாக்டர் தலை மறைந்ததும் பீப்பு கம்ப்யூட்டர் பெட்டியில் ஒரு காதை வைத்தான். பிறகு இன்னொரு காதை. உள்ளே ஃபேன் மட்டும் முணுமுணுத்தது. வரவேற்பு மேசைப் பெண்ணைக் கூப்பிட்டான்.

"உனக்கு டிஸ்க் சத்தம் கேக்குதாம்மா?"

"டாக்டருக்குக் கேக்குதாண்ணா?"

"கேக்குதாம்."

"அப்ப எனக்கும் கேக்குது."

பீப்புவுக்குத் தன் காது மேலேயே சந்தேகம் வந்தது. ஓடிப்போய்க் கண்ணாடி ரூமில் தனக்குத் தானே பீப் கொடுத்து, தானே பட்டனை அமுக்கினான். நூற்றுக்கு நூறு. கேள்வித்தாளும் நானே, பரீட்சையும் நானே, திருத்துவதும் நானே என்றால் நூறு வராமல் என்ன செய்யும் என்று நொந்துகொண்டான்.

முதலில், தன் பழைய ரப்பர் செருப்பை நாலாக வெட்டிப் பெட்டிக்குக் கீழே வைத்தான்.

"இப்ப எப்படி டாக்டர்?"

டாக்டர் கண்ணை மூடிக் கேட்டார். "கூடியிருக்கு."

அடுத்து, வந்தவர்கள் உட்காரும் சோபாவிலிருந்து மெத்தைகளை உருவி, பெட்டியைச் சுற்றிக் கட்டினான். அரை மணி நேரத்தில் பெட்டிக்குப் புழுக்கம் தாங்கவில்லை. ஃபேன் போட்டது பாருங்கள் ஒரு சத்தம், தெருவே திரும்பிப் பார்த்தது.

"கேக்குது டாக்டர், கேக்குது," என்று பீப்பு கண் கலங்கினான்.

"அது ஃபேன். நான் சொல்றது டிஸ்க்."

இதற்கிடையில் காதுக்கருவி வாங்க வந்த பெரியவர் ஒருவர் ஃபேன் சத்தத்துக்குப் பட்டனை அமுக்கிக்கொண்டே இருந்தார். காதில் அப்பழுக்கே இல்லை என்று ரிப்போர்ட் வந்தது. "என்னது? என்னது?" என்று கேட்டபடியே வீட்டுக்குப் போனார்.

கடைசியில் பீப்பு பெட்டியைத் திறந்து ஃபேன் வயரைப் பிடுங்கிவிட்டான். பத்து நிமிஷம் அமைதி. அப்புறம் திரை அப்படியே உறைந்து நின்றது. எதைத் தட்டினாலும் அசையவில்லை. பதினெட்டு வருஷக் காதும் காலி.

கம்ப்யூட்டர் மெக்கானிக் வந்தார். ஸ்க்ரூடிரைவரைப் பல்லில் கடித்துக்கொண்டு பெட்டிக்குள் தலையை விட்டார்.

"இந்த நிலைமையிலயும் டிஸ்க் எப்படி இரையுது பாருங்க," என்றார் டாக்டர்.

பீப்புவுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

"டாக்டர், மன்னிச்சிடுங்க. காலையிலேர்ந்து எனக்கு அந்தச் சத்தம் கேக்கவே இல்ல. வேலை போயிடும்னு பொய் சொன்னேன். என் காது போச்சு டாக்டர். இனிமே அடுத்தவங்க காதைச் சோதிக்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கு?"

"எனக்கும் கேக்கலண்ணா," என்று மூக்கை உறிஞ்சினாள் வரவேற்பு மேசைப் பெண்.

டாக்டர் மனசு இளகிப்போனது. பீப்புவின் தோளில் தட்டினார்.

"வேலையெல்லாம் எங்கேயும் போகாது. காது விஷயத்துல ஒளிக்கக் கூடாதுப்பா. ஆரம்பத்துலயே வந்தா வழி இருக்கு. உள்ள போய் உக்காரு, நானே டெஸ்ட் பண்றேன்."

பீப்பு கண்ணைத் துடைத்துக்கொண்டு கண்ணாடி ரூம் கதவைத் திறந்தான்.

மெக்கானிக் தலையை வெளியே எடுத்தார். "பெட்டி சூடாயிருக்கு, வேற ஒண்ணும் இல்ல. ரிப்போர்ட்டெல்லாம் பத்திரமா இருக்கு."

"டிஸ்க் போகலையா? அப்ப அந்த இரைச்சல்?" என்றார் டாக்டர்.

மெக்கானிக் கட்டைவிரல் அளவில் ஒரு சிப்பைத் தூக்கிக் காட்டினார்.

"போன மாசம் நீங்க லீவுல இருந்தப்ப, சுத்துற டிஸ்கைக் கழட்டிட்டு இந்தச் சிப்பைப் போட்டுட்டேன் டாக்டர், இதுக்குச் சத்தமே போடத் தெரியாது, அதனால அந்த ஹெட்போனை நீங்க மாட்டிக்குங்க."