சம்பந்தி தந்த அத்திக்குச்சி

மதிப்பிற்குரிய சம்பந்தி கார்மேலோ அவர்களுக்கு, டொரோண்டோவிலிருந்து சவேரியோ பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும், என் வீட்டுக்காரி பிலோமினாவும், என் மகனும், உங்கள் மகள் நுன்ஸியாவும், என் அடிவயிற்றுத் தையலும் நலம். அங்கு தாங்களும் சம்பந்தியம்மாளும் தங்கள் புது முழங்காலும் சௌக்கியமாயிருக்க மாதாவை வேண்டுகிறேன். போனில் நாம் இருவரும் ஒரே நேரத்தில் பேசுகிறோம், யாரும் கேட்பதில்லை, ஆகவே கடிதம்.

முந்தின வருஷம் நீங்கள் முழங்கால் ஆபரேஷன் ஆகிப் படுத்திருந்தபோது, உங்கள் பையன்கள் "நாளைக்கு மூடலாம், நாளைக்கு மூடலாம்" என்றே பனி விழுமுன் மண் போட்டு மூட வேண்டிய உங்கள் கறுப்பு அத்தியைக் குளிருக்குக் காவு கொடுத்தார்கள். ஈஸ்டருக்கு வரும்போது எங்கள் மரத்திலிருந்து ஒரு குச்சி கிடைக்குமா என்று கேட்டிருந்தீர்கள். கொடுத்த கையே கேட்கும்போது மறுப்பேனா? ஊரெல்லாம் நம் பிள்ளைகள் கல்யாணத்துக்குப் பணம் வைத்த உறை கொடுத்தது. நீங்கள் மட்டும் ஈரக் காகிதத்தில் அந்த அத்தியின் மூன்று குச்சிகளைச் சுற்றிக் கொடுத்தீர்கள். அன்று உங்களைக் கஞ்சன் என்று நினைத்தேன். போன கோடையில் அந்த மரத்தின் முதல் பழத்தைத் தின்றதும் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். அப்படி ஒரு பழம் சம்பந்தி, பிலோமினாவே பேச்சை நிறுத்திவிட்டாள்.

மூன்றில் ஒன்றை நான் தலைகீழாக நட்டேன். ஆயுள் முழுக்கச் செங்கல் அடுக்கியவனுக்குத் தலை எது கால் எது என்று எப்படித் தெரியும்? இரண்டாவதை வேர் விட்டதா என்று தினமும் பிடுங்கிப் பார்த்தேன். ஒருநாள் அதற்கே சலித்துப் போய்விட்டது. மூன்றாவதை உங்கள் மகள் தக்காளி டின்னில் மண் போட்டு ஊன்றி, என் கண்ணில் படாத ஜன்னலில் வைத்துத் துளிர்க்கவிட்டாள். இரண்டு குளிர்காலம் அது தொட்டியோடு நிலவறையில் தூங்கியது. போன வசந்தத்தில்தான் தோட்டத்து மண்ணுக்கு வந்தது.

பிரச்சினை இலையுதிர் காலத்தில் ஆரம்பித்தது. நுன்ஸியா வந்து, "மாமா, எங்கப்பா மாதிரி ஒரு பக்கத்து வேரை வெட்டி, மரத்தைச் சாய்ச்சு, குழியில படுக்க வச்சு மூடிடலாம்" என்றாள். "நிக்கிற மரத்தைப் புதைக்க அது என்ன பொணமா? நாங்க இத்தாலியில கலாப்ரியாக்காரங்க. மரத்துக்குக் கம்பளம் சுத்தி, தார்க்காகிதம் சுத்தி, தலையில வாளி கவுத்து, நிக்க வச்சே காப்பாத்துவோம்" என்றேன். "அப்பா முப்பது வருஷமா புதைச்சுத்தான் காப்பாத்தினாரு" என்றாள். என் நாக்கில் சனி இருந்தது, "அந்த மரம் இப்ப எங்கேம்மா?" என்று கேட்டுவிட்டேன். அவள் உள்ளே போய்விட்டாள். அதற்காக இன்றுவரை வருந்துகிறேன்.

அதற்குள் ஒயினுக்கு வாங்கிய திராட்சைப் பெட்டியைத் தூக்கப் போய்க் குடலிறக்கம் கண்டு, உறைபனி விழும் வாரத்தில் நான் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். ஆனால் வாய்க்குத் தையல் போடவில்லையே, படுக்கையிலிருந்தே போனில் கட்டளையிட்டேன். "எல்லாம் நீங்க சொன்னபடிதான், தூங்குங்க" என்றாள் பிலோமினா. வீடு திரும்பிப் பார்த்தால், என் மரம் வரவேற்பறைக் கம்பளத்தைப் போர்த்திக்கொண்டு, கயிற்றால் இறுகி, தலையில் வாளியோடு பாதிரியாரைப் போல நின்றது. நான் தொப்பியைக் கழற்றினேன். பக்கத்து வீட்டு மனுவேல் வேலிக்கு மேலே எட்டி, "யாரைக் கட்டி வச்சிருக்கீங்க, கடன்காரனையா?" என்றார். பொறாமைதான். மரத்தின் காலடியிலிருந்து வேலிவரை புதிதாகப் பூண்டும் போட்டு, மேலே சருகும் பலகையும் பரப்பியிருந்தார்கள். என் வீட்டுப் பெண்களின் சுறுசுறுப்பே தனி.

குளிர்காலம் முழுக்க நானே காவல். பலகை சமமாக இருந்ததால் அதன்மேல் நாற்காலி போட்டு உட்கார்ந்து மரத்தோடு பேசுவேன். "மாமா, அங்க உக்காராதீங்க, பூண்டு நசுங்கிடும்" என்று உங்கள் மகள் ஓடி வருவாள். பூண்டின் மேல் அவ்வளவு பாசம். மாசி மாதப் பனியிலும் கம்பளத்துக்குள் கைவிட்டுப் பார்த்தேன். சுண்டைக்காய் அளவு மொட்டுகள் விரலில் தட்டுப்பட்டன, நான் தடவத் தடவப் பருத்தன. உங்கள் முறையைக் குறை சொல்லவில்லை, சம்பந்தி. ஆனால் நிற்கிற முறைதான் முறை என்று இப்போதாவது ஒத்துக்கொள்வீர்கள். நேரில் வந்து வணங்கிப் பாருங்கள். என் கையால் குச்சி வெட்டித் தருகிறேன்.

உங்கள் முழங்காலுக்கும் சம்பந்தியம்மாளின் பொறுமைக்கும் புனித யோசேப்பு துணையிருப்பாராக.

அன்புடன்,
சவேரியோ

பின்குறிப்பு: ஒட்டிய உறையைப் பிரித்து எழுதுகிறேன். இன்று வெயில் வந்தது. பொறுக்க முடியாமல் கயிற்றை அறுத்தேன். கம்பளத்துக்குள் நான் தக்காளிச் செடிக்கு ஊன்றும் கழிகள், ஒரு உடைந்த குடை. மொட்டு என்று நான் தடவிய அத்தனையும் சணல் முடிச்சு. மரம் போய்விட்டது, உங்கள் வம்சமே போய்விட்டது என்று பனியில் உட்கார்ந்துவிட்டேன். நுன்ஸியா மண்வெட்டியோடு வந்து, "கொஞ்சம் தள்ளிக்கங்க மாமா" என்று பூண்டுப் பாத்தியைத் திறந்தாள். பலகைக்கும் சருகுக்கும் கீழே, உங்கள் அத்தி ஒருக்களித்துப் படுத்திருந்தது. நகத்தால் பட்டையைக் கீறினாள்; பச்சை.

"எங்கப்பா மரத்துல மிச்சம் இது ஒண்ணுதான். இதை வச்சு உங்ககூட வாதாட எனக்குத் தைரியம் இல்ல, மாமா" என்றாள். பிலோமினா, "நாப்பது வருஷமா இந்த வீட்டை நான் இப்படித்தானே நடத்துறேன்" என்றாள்.

ஆகவே மேலே எழுதியதில் நலம் விசாரித்ததைத் தவிர எதையும் நம்ப வேண்டாம். நான் குளிர்காலம் முழுக்க உங்கள் மரத்தின் மேலேயே உட்கார்ந்திருந்தேன், அது சாகவில்லை. அதை வளர்த்தவளும் நீங்கள் பெற்றவள்தான். குச்சிகளை அவளே வெட்டித் தருவாள். நான் தொட மாட்டேன். வரும்போது கொஞ்சம் பூண்டு கொண்டு வாருங்கள், எங்கள் வீட்டில் இந்த வருஷம் பூண்டு இல்லை.