ஜமீன் வீட்டுக் கோட்டுத் தாத்தா

தன் முன்னோர்களைப் பழைய சாமான் கடையில் வாங்கிய ஒரே மனிதர், எனக்குத் தெரிந்து, எங்கள் ஜமீன்தான். நமக்கெல்லாம் தாத்தா தானாக வந்து வாய்ப்பார். இவர் ஒவ்வொருவராகப் பார்த்து, தட்டிப் பார்த்து, முதுகில் கரையான் இருக்கிறதா என்று புரட்டிப் பார்த்து வீட்டுக்கு அழைத்து வந்தார்.

ஜமீன் என்றதும் தோப்பும் துரவும் கற்பனை செய்ய வேண்டாம். பழனிசெட்டிபட்டியில் ஒரு சின்ன வீடு. கீழே அவர் குடும்பம், மாடியில் வாடகைக்கு நான். போடியில் ஒரு ஏலக்காய்க் கடையில் தரம் பிரிக்கிற வேலை அவருக்கு; காய் எவ்வளவு பெரிதோ அவ்வளவு உசத்தி. சல்லடைகூட வேண்டாம், உள்ளங்கையில் உருட்டிவிட்டு இது ஏழு எம்.எம்., இது எட்டு எம்.எம். என்று சொல்லிவிடுவார். அந்தப் பழக்கம் மனிதர்கள்மீதும் தொற்றிக்கொண்டது. தெருவுக்கு யாராவது புதிதாகக் குடிவந்தால் ஒரு வாரம் பொறுத்திருந்து, "ஆறரை எம்.எம்.தான் தம்பி, பாத்துப் பழகுங்க" என்று என் காதில் போடுவார். நான் எத்தனை எம்.எம். என்று கேட்க எனக்குக் கடைசிவரை தைரியம் வரவில்லை.

தெரு அவருக்கு ஜமீன் என்று பெயர் வைத்தது வீட்டுக்குள் இருந்த சாமான்களைப் பார்த்துத்தான். கம்பத்திலோ உத்தமபாளையத்திலோ ஒரு பழைய வீட்டை இடிக்கிறார்கள் என்று காதில் விழுந்தால் போதும், கடைக்கு லீவு போட்டுவிடுவார். போடிமெட்டுக்கு மேலே ஏதோ எஸ்டேட் பங்களாவைக் காலி செய்தார்கள் என்று ஜீப் பிடித்துப் போய், மூன்று கால் மட்டும் இருந்த மேஜையை வாங்கி வந்தார். நாலாவது காலுக்காகத் தனியாக ஆறு மாதம் தேடினார்.

அவர் வீட்டு ஹாலில் சோபா கிடையாது. மூடிப்போன டூரிங் டாக்கீஸிலிருந்து வந்த நாற்காலிகள், நான்கும் ஒன்றோடொன்று இரும்பில் பிணைத்தவை, சி வரிசை. எழுந்தால் பலகை படக்கென்று மடங்கிக்கொள்ளும். விஷயம் தெரியாதவர்கள் மறுபடி உட்காரும்போது நேராகத் தரைக்குப் போய்விடுவார்கள். சுவரில் ஐந்து கடிகாரங்கள், ஐந்தும் ஐந்து நேரம் காட்டும்.

"இதுல எதுண்ணே சரியான நேரம்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"எல்லாமே சரிதான் தம்பி. அதது நின்னப்ப சரியாத்தான் இருந்துச்சு."

வடக்குச் சுவரில் ஒரு தேக்குக் கதவு, பித்தளைக் குமிழோடு. திறந்தால் பின்னால் சுவர்தான். கதவு நன்றாக இருந்ததால் வாங்கினார், வீட்டில் வாசல் மிச்சமில்லாததால் சுவரில் பதித்தார். கை கழுவ இடம் தேடிய விருந்தாளிகள் அதைத் திறந்து, சுவரை வெகுநேரம் பார்த்துவிட்டு, மரியாதையாக மூடிவிட்டு வருவார்கள். அவர் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுவேன், இதையெல்லாம் தினமும் துடைத்துத் துடைத்துக் கை காய்த்துப் போனவர். "இந்த வீட்டுக்குப் புதுசா வந்த சாமான் நான் ஒருத்திதான் தம்பி. நானும் இப்பப் பழசாயிட்டதால இவுக என்னயக் கொஞ்சம் மதிக்கிறாக" என்பார்.

முன்னோர்கள் வந்தது இப்படித்தான். முதலில் சட்டத்துக்காகத்தான் படங்களை வாங்கினார். அந்தக் காலத்துத் தேக்குச் சட்டம், கனமான கண்ணாடி. உள்ளே இருக்கிற ஆளை எடுத்துவிட்டுச் சாமி படம் போடுவதாகத் திட்டம். வீட்டுக்கு வந்து பின் பலகையைக் கழற்றியவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "மனுசன எறக்கி எங்கன வைக்க?" என்றார். மறுபடி ஆணி அடித்து மூடி, ஆளோடு சேர்த்து மாட்டினார். இப்படியே மொத்தம் பதினோரு பேர் ஹாலுக்குக் குடிவந்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்தவர்களைப் பட்டினி போடலாமா என்று அமாவாசைக்கு அமாவாசை சாம்பிராணி போடச் சொன்னார். அக்கா பதினோரு பேருக்கும் பொட்டு வைத்தார், பூ வைத்தார். இரண்டு வருஷத்தில் தெருக்காரர்கள் எல்லாரும் அவர்களை ஜமீனின் வம்சம் என்றே நம்பிவிட்டார்கள். ஜமீனுக்கே அந்தச் சந்தேகம் வரத் தொடங்கியிருந்தது.

பதினோரு பேரில் அவருடைய செல்லம் கோட்டுத் தாத்தா. தலைப்பாகை, கறுப்புக் கோட்டு, கீழே வேட்டி, கையில் தடி, பக்கத்தில் ஒரு பூச்சாடி. அவரைத் தேனிப் பழைய சாமான் கடையில் எடுத்தபோது நானும் கூட இருந்தேன். "அல்லிநகரத்துல புது வீட்டுக்குக் குடிபோனவுக ஆட்டோல கொண்டாந்து போட்டுட்டுப் போனாக" என்றார் கடைக்காரர். ஜமீன் வண்டியில் தாத்தாவைத் தனியாக வைக்கவில்லை. நான்தான் மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்து வந்தேன்.

இந்த நிலைமையில் அவர் மகள் ரம்யாவைப் பெண் பார்க்க வந்தார்கள். ரம்யாவும் அந்தப் பையனும் கோயம்புத்தூரில் ஒரே கம்பெனி. இருவருக்கும் பிடித்துப்போய், இரண்டு வீட்டிலும் ஒரு வருஷம் கெஞ்சிக் கூத்தாடி, ஒரே சாதி, கும்பிடுகிற சாமி மட்டும் வேறு, அதனால் தாராளமாகக் கட்டலாம் என்று பெரியவர்களைச் சம்மதிக்க வைத்திருந்தார்கள். அந்த வாரம் முழுக்க ரம்யா சரியாகச் சாப்பிடவில்லை. "அன்னைக்கு ஒருநா மட்டும் அந்தப் படத்தயெல்லாம் எறக்கி வைங்களேம்ப்பா" என்று கேட்டும் பார்த்தாள்.

"நல்ல காரியத்துக்குப் பெரியவுக இல்லாமயா ஆத்தா?" என்று சொல்லிவிட்டார் ஜமீன்.

ஞாயிற்றுக்கிழமை காலை நான்கு பேர் வந்தார்கள். மாப்பிள்ளை, அப்பா, அம்மா, அப்பாவின் அக்கா. அந்த அத்தைக்கு எழுபது வயதிருக்கும். அவர் தலையாட்டினால்தான் அந்த வீட்டில் எதுவும் நடக்கும் என்று ரம்யா முன்பே சொல்லியிருந்தாள். அல்லிநகரத்துக்காரர்கள். உள்ளே நுழைந்ததும் மாப்பிள்ளையின் அப்பா சுவரை ஒரு தடவை பார்த்தார். பிறகு சட்டென்று போய்க் கோட்டுத் தாத்தாவுக்கு நேர் கீழே, அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டார். அடக்கமான மனிதர் என்று நான் நினைத்தேன். அவர் மனைவி மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜமீனுக்கு வாய் சும்மா இருக்குமா? "இவுகல்லாம் நம்ம வீட்டுப் பெரியவுக மதினி" என்று கையை வீசிக் காட்டினார். அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொருவராகப் பார்த்து வந்து, கோட்டுத் தாத்தாவிடம் வந்ததும் நின்றார். வெகுநேரம் நின்றார்.

"இது எங்கய்யாவாச்சே" என்றார்.

அத்தை மெதுவாகத் திரும்பி ஜமீனைப் பார்த்தார். "நீங்க எந்த ஊருல பெறந்தீக?"

"போடியில மதினி."

"வயசு?"

"அம்பத்தேழு."

அத்தை பொத்தென்று உட்காரப் போனார். நல்லவேளையாக நாற்காலிப் பலகையை மாப்பிள்ளை பிடித்துக்கொண்டான். "வாரத்துக்கு ரெண்டு நா ஏலக்கா ஏலத்துக்குப் போறேன்னு, அப்ப நாங்க இருந்த கம்பத்துல இருந்து போடிக்குப் போவாக. ராத் தங்கித்தான் வருவாக. எங்கம்மா ஒரு வார்த்த கேட்டதில்ல. இதுக்குத்தானா?" என்றார். பிறகு தம்பியிடம், "அந்தக் காதப் பாருடா. அப்படியே எங்கய்யா காது" என்றார்.

ஜமீன் தன்னையறியாமல் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். கொடுமை என்னவென்றால், எனக்கும் அப்போது அந்தக் காதுகள் ஒரே மாதிரிதான் தெரிந்தன.

"அப்படியெல்லாம் இல்ல மதினி..."

"மதினின்னு கூப்புடாதீக. நீ எனக்குத் தம்பி முறையாகுது. இந்தப் புள்ளைக ரெண்டும் அண்ணன் தங்கச்சி. நல்லவேள, எங்கய்யாவே வந்து தடுத்துட்டாக."

"கும்புடுற சாமிதான் வேறயாச்சே அத்தை" என்றான் மாப்பிள்ளை, அழுகிற குரலில்.

"அது அவுக ஆத்தா வழிச் சாமியா இருக்கும்டா."

அடுப்படி வாசலில் காப்பித் தட்டோடு நின்ற ரம்யா அதைத் தரையில் வைத்துவிட்டாள். எனக்கு அப்போதுதான் மண்டையில் உறைத்தது. அல்லிநகரம், புது வீடு, ஆட்டோ. மாப்பிள்ளையின் அப்பாவைப் பார்த்தேன். மனிதர் வேர்த்துக் குளித்திருந்தார். பெற்ற தகப்பனுக்கு இன்னொரு குடும்பத்தைக் கட்டி வைக்கிறார்கள், அதைக்கூட மறுக்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் உண்மையை உடைக்க வாயைத் திறந்தேன். ஜமீன் என் காலை ஓங்கி மிதித்தார். அவரும் கண்டுபிடித்துவிட்டார் என்று தெரிந்தது.

அவர் அந்த மனிதரை ஒரு நிமிஷம் பார்த்தார், ஏலக்காயைப் பார்ப்பது போல. பிறகு அத்தையின் பக்கம் திரும்பி, இரண்டு கையையும் கூப்பிக்கொண்டார்.

"இவுக எங்க ஆளு இல்ல மதினி. இங்கன இருக்கிற பதினோரு பேருல ஒருத்தர்கூட எங்க ஆளு இல்ல. எல்லாம் கடையில வாங்குனது. எங்கப்பாரு மூட தூக்குன ஆளு, அவருக்குப் போட்டோவே கெடையாது. உங்கய்யாவ ஃபிரேம் கடையில பாத்தேன். கண்ணாடி மாத்த யாரோ குடுத்துட்டுப் போயிருந்தாக. எனக்கு ஆச தாங்கல. கடைக்காரரப் போட்டு நச்சரிச்சுத் தூக்கிட்டு வந்துட்டேன். படத்துக்கு உடையவுக தேடி வந்து அலஞ்சிருப்பாகன்னு புத்திக்கு எட்டல. தப்பு என்னோடதுதான்."

அத்தை தம்பியை முறைத்தார். "கரையான் அரிச்சிருச்சுன்னுல்லடா சொன்ன?"

ஜமீன் எடுத்துக் கொடுத்த பொய்யை அந்த மனிதர் பிடித்துக்கொண்டார். "கண்ணாடி மாத்தக் குடுத்தேங்க்கா. போய்க் கேட்டா காணோம்ட்டான். ஒன்ட்ட எப்படிச் சொல்றது."

அதன் பிறகு அத்தை ஜமீனைத் திட்டியதை நான் முழுக்க எழுத முடியாது. அடுத்த வீட்டுத் தகப்பனைத் தூக்கிக்கொண்டு வந்து ஆணியில் மாட்டுகிற குடும்பத்தில் பெண் எடுப்பதா என்று தொடங்கி, கடிகாரம், கதவு, நாற்காலி எல்லாவற்றையும் ஒரு சுற்று வந்தார். ஐம்பத்தேழு வயது மனிதர், சொந்த வீட்டில், பெற்ற மகள் பார்க்க, தலையைக் குனிந்து நின்று வாங்கிக்கொண்டார். எனக்குப் பொறுக்கவில்லை. ஆனால் கால் இன்னும் வலித்துக்கொண்டிருந்தது, பேசாமல் இருந்தேன்.

மூச்சு வாங்க நின்ற அத்தை மறுபடி படத்தைப் பார்த்தார். கண்ணாடியில் ஒரு துளி தூசி இல்லை. நெற்றியில் அன்று காலை வைத்த சந்தனமும் குங்குமமும் ஈரம் காயாமல் இருந்தன.

"பொட்டு யாரு வச்சது?"

"நாந்தான்" என்றார் ஜமீன் வீட்டு அக்கா. "நல்லநா பொல்லநா எல்லாத்துக்கும் வைக்கிறதுதான். அமாவாசைக்குச் சாம்பிராணியும் போடுவோம்."

"யாருன்னே தெரியாமயா?"

"பெரியவுகன்னு தெரியும்ல மதினி."

அத்தை முந்தானையால் கண்ணைத் துடைத்தார். பிறகு ஒரு நாற்காலியைத் தானே விரித்துப் பிடித்து உட்கார்ந்துகொண்டு, "பொண்ண வரச் சொல்லு. காப்பி ஆறிரப் போகுது" என்றார்.

போகும்போது கோட்டுத் தாத்தாவையும் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். ஜமீன் படத்தை இறக்கி, துண்டால் ஒரு தடவை துடைத்து, காருக்குள் வெயில் படாத பக்கமாக வைத்துவிட்டு வந்தார். மகளுக்குச் சம்பந்தம் முடிந்த சந்தோஷம் ஒரு கண்ணிலும், தாத்தா போன துக்கம் மறு கண்ணிலும் இருந்தது.

மறுநாள் மாப்பிள்ளையின் அப்பா தனியாக வந்தார். "நீங்க உள்ளதச் சொல்லியிருக்கலாம்ல சம்பந்தி. திட்டு எனக்குல்ல விழுந்திருக்கணும்" என்றார்.

"சொல்லியிருந்தா அந்தக்கா அதுக்கப்புறம் உங்க வீட்டு வாசப்படி மிதிக்குமா?" என்றார் ஜமீன். "பொறந்த வீடு போயிரும்ல அவுகளுக்கு."

அவர் போன பிறகு, "எத்தன எம்.எம்.ண்ணே?" என்று கேட்டேன். "ஏழு. காயவச்சா தேறும்" என்றார்.

கல்யாணம் நன்றாக நடந்தது. எனக்கு மதுரைக்கு மாற்றலானது. கிளம்புகிற அன்று, ஹாலில் தாத்தா இருந்த இடம் மட்டும் சுண்ணாம்பு வெளுப்பாகத் தெரிந்தது. அங்கே எதையும் மாட்டாமல் வைத்திருந்தார். எதற்காக இப்படி ஊரார் தாத்தாக்களையெல்லாம் சேர்க்கிறீர்கள் என்று அன்றுதான் நேராகக் கேட்டேன்.

"எங்கப்பாவ ஒருத்தரும் படம் புடிச்சு வைக்கல தம்பி. இவுகளப் புடிச்சு வச்சிருந்தும் ஒருத்தரும் வேணுங்கல. நம்மகிட்ட செவரு இருக்கு. அம்புட்டுத்தான்."

போன மாதம் மதுரையில் ஒரு பழைய சாமான் கடை வழியாக வந்தேன். வாசலில், உடைந்த மிக்ஸிகளுக்கு நடுவே, வட்டக் கண்ணாடி போட்ட ஒரு பெரியவர் படத்தில் உட்கார்ந்திருந்தார். தாண்டிப் போய்விட்டேன். பஸ் நிறுத்தம் வரை போய்விட்டுத் திரும்பி வந்தேன். அந்த வார ஞாயிற்றுக்கிழமை, அவரை மடியில் வைத்துக்கொண்டு தேனி பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன்.

ஜமீன் வாசலுக்கு வந்தார். இரண்டு வருஷம் கழித்துப் பார்க்கிற என்னை ஏறெடுத்தும் பார்க்காமல், என் கையில் இருந்தவரைப் பார்த்து, "வாங்கய்யா, இம்புட்டுத் தூரம் வெயில்ல வந்திருக்கீக" என்றார். அந்த மனிதரை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.